மாவுச்சத்தை உடைக்க நீரா, பாஸ்பேட்டா?

கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பச்சைப்பாசி, பகலில் பசுங்கணிகத்துக்குள் சேர்த்த மாவுச்சத்தை இருட்டியதும் உடைத்துச் செலவழிக்கிறது. உடைக்க அதனிடம் இரண்டு வகைக் கருவிகள் உள்ளன. அமைலேஸ் நொதிகள் நீரைக் கொண்டு மாவுச்சத்தின் குளுக்கோஸ் சங்கிலியை வெட்டும். மால்டோஸும் குளுக்கோஸும் கிடைக்கும். பாஸ்ஃபோரிலேஸ் என்ற நொதி பாஸ்பேட்டைக் கொண்டு நுனியிலிருந்து குளுக்கோஸை ஒவ்வொன்றாகக் கழற்றும், குளுக்கோஸ்-1-பாஸ்பேட் கிடைக்கும்.

ஆற்றல் கணக்கில் பாஸ்பேட் வழிக்கே லாபம். வெறும் குளுக்கோஸைப் பயன்படுத்த முதலில் ஒரு ஏடிபி (ATP, செல்லின் ஆற்றல் நாணயம்) கொடுத்து அதில் பாஸ்பேட் ஏற்ற வேண்டும். பாஸ்ஃபோரிலேஸ் தரும் சர்க்கரையில் அது ஏற்கெனவே இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாமல் பைருவேட் என்ற சிறு மூலக்கூறு வரை உடைத்துக்கொண்டு போனால், குளுக்கோஸிலிருந்து நிகரமாக 2 ஏடிபி, குளுக்கோஸ்-1-பாஸ்பேட்டிலிருந்து 3. சுவாசம் நடக்கும்போது இந்த ஒன்று சின்ன வித்தியாசம்தான். ஆனால் கிளாமிடோமோனாஸ் மண்ணிலும் வாழும் பாசி. ஈர மண்ணில் இரவில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் அது நொதித்தலுக்கு மாறி ஃபார்மேட், அசிட்டேட், எத்தனால், கொஞ்சம் ஹைட்ரஜன் என வெளியேற்றும். அந்த நேரத்தில் இரண்டுக்குப் பதில் மூன்று என்பது பெரிய விஷயம்.

இடமும் பொருந்துகிறது. அரபிடாப்சிஸ் போன்ற செடிகளின் இலையில் இரவில் அமைலேஸ் வழிதான் ஓங்கி நிற்கிறது. மால்டோஸ் பசுங்கணிகத்தை விட்டு வெளியேறி, சுக்ரோஸாகி வேர் வரை போக வேண்டும். ஒற்றைச் செல்லுக்கு ஊட்ட வேண்டிய வேர் ஏது? அதோடு, கிளாமிடோமோனாஸில் கிளைகாலிசிஸின் (சர்க்கரையைப் பைருவேட் வரை உடைக்கும் வினைத்தொடர்) முதல் பாதி பசுங்கணிகத்துக்குள்ளேயே நடக்கிறது. குளுக்கோஸ்-1-பாஸ்பேட் பிறந்த இடத்திலேயே நேராக அதில் சேர்ந்துவிடலாம்.

சரி, அப்படியானால் பாஸ்ஃபோரிலேஸ் மட்டும் போதாதா? போதாது, அதனால் தனியாகச் சமாளிக்க முடியாது. சங்கிலி கிளை பிரியும் இடத்துக்கு நான்கு குளுக்கோஸ் முன்பே அது நின்றுவிடும். கிளையை வெட்ட வேறு நொதி வேண்டும். மாவுச்சத்து மணியும் இறுகப் படிகமாக அடுக்கப்பட்டது. அதன் மேல் பாஸ்பேட் ஒட்டி இளக்கும் நொதி ஒன்று உண்டு (அதற்கும் ஏடிபி செலவு). அப்புறம்தான் மற்ற நொதிகளால் சங்கிலிகளை எளிதில் எட்ட முடியும்.

பாஸ்ஃபோரிலேஸின் வரலாறும் சுவையானது. 1940-இல் ஹேன்ஸ் என்ற ஆய்வாளர் பட்டாணியிலும் உருளைக்கிழங்கிலும் இந்த நொதியை ஆராய்ந்த பிறகு, மாவுச்சத்தை உண்டாக்குவதே இதுதான் என்று பலர் நம்பினார்கள். 1960-களின் தொடக்கத்தில் உயிர்வேதியியலாளர் லெலுவாரின் குழு, ADP-குளுக்கோஸிலிருந்து மாவுச்சத்து உருவாகும் வழியைக் காட்டியதும் இது உடைக்கும் பக்கத்துக்குத் தள்ளப்பட்டது. ஆனால் கிளாமிடோமோனாஸில் இருக்கும் பாஸ்ஃபோரிலேஸ்களில் ஒன்றை இழந்த திரிபுகளை நைட்ரஜன் பற்றாக்குறையில் வளர்த்தபோது மாவுச்சத்து சேர்வதே குறைந்தது, மணிகளின் வடிவமும் கோணலானது. ஆகவே ‘உடைக்கும் நொதி’ என்று மட்டும் இதற்குப் பெயர் சூட்ட எனக்கு மனமில்லை. இருட்டில் எந்த வழி சிக்கனம் என்று கேட்டால், இந்தப் பாசிக்கு என் ஓட்டு பாஸ்பேட்டுக்கே. மற்ற நொதிகளும் கூடவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.