எட்டு வருடத்தில் மூன்றாவது கூரை: பெரஸ்தாகி வீட்டுக் கதை

போன வாரம்தான் கூரை வேலை முடிந்தது. 2017-ல் இந்தோனேசியாவின் பெரஸ்தாகியில் வாங்கிய வீட்டுக்கு இது மூன்றாவது கூரை. கூலி கொடுத்த சூடு ஆறுவதற்குள் சிங்கப்பூர் நண்பர் ஒருவர், "பெரஸ்தாகியில் எனக்கும் ஓர் இடம் பாருங்களேன், ஓய்வு பெற்றதும் வந்து இருந்துவிடலாம் போலிருக்கிறது" என்று கேட்கிறார். நல்ல நேரம் பார்த்துக் கேட்டார்.

ஊரைப் பற்றி அவருக்குத் தெரியும். சுமத்ரா தீவின் மேடான் நகரிலிருந்து 66 கி.மீ., 1,300 மீட்டர் உயரம், காரோ இன மக்களின் மலைநாடு, ஆரஞ்சு, மார்க்கீசா (பேஷன் ஃப்ரூட்) பழம், மின்விசிறியே வேண்டாத வீடு. இதெல்லாம் போட்டோவிலேயே தெரிந்துவிடும். கூரைதான் தெரியாது.

எங்களுக்கு வடக்கே ஐந்து கி.மீ. தொலைவில் சிபாயாக் எரிமலை. அது புகைவதோடு சரி. மேற்கே சுமார் 13 கி.மீ.யில் சினாபுங். நூற்றாண்டுக் கணக்கில் தூங்கிக் கிடந்து 2010-ல் விழித்த மலை. 2020 ஆகஸ்ட் 10 அன்று அது வெடித்து ஊரெல்லாம் சாம்பல் கொட்டியபோது நாங்கள் மேடானில் இருந்தோம். கொரோனா காலம். இரண்டு வாரம் கழித்து வந்து பார்த்தால், நடுவில் பெய்த மழையில் சாம்பல் தகரத்தின் வரிகளுக்குள் சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. "மழைக்கு முன்னாடியே கழுவியிருக்கணும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எரிமலைச் சாம்பல் நனைந்தால் அமிலம். தகரத்தின் துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும். அடுத்த வருடம் மச்சுக்குள் தலையை நீட்டினேன். பட்டப்பகலில் நட்சத்திரம் தெரிந்தது. அத்தனை ஓட்டை.

இரண்டாவது கூரையைப் பொறுத்தவரை மலை நிரபராதி. தடித்த தகடாகப் பார்த்து நான்தான் வாங்கிக் கொடுத்தேன். வேலைக்கு வந்தவர் திருகாணிகளுக்கு ரப்பர் வாஷர் போடவில்லை. பத்து காசு சாமான்! ஒவ்வொரு திருகாணியும் ஒரு குழாய் ஆனது. படுக்கையறையில் இரண்டு வாளி, அடுப்படியில் ஒன்று, துணி அலமாரி மேல் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. நான்கு வருடம் இப்படியே ஓட்டினோம். இப்போது பழைய தகட்டைக் கழற்றியபோது ஒழுகிய இடங்களை எண்ணினேன்: 31. புதுக் கூரைக்குக் கூலியோடு 18 மில்லியன் ரூப்பியா, இந்திய ரூபாயில் லட்சத்துக்குச் சற்றுக் கீழே. இந்த முறை ஏணியடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வாஷரும் ஏறியதைப் பார்த்தேன். ஆட்களுக்கு எரிச்சல்தான். இருக்கட்டும்.

சரி, கூரையை வைத்து ஊரைத் திட்டக்கூடாது. இந்த ஊரில் எனக்குக் கிடைத்தது வேறு யாருக்கும் கிடைக்காது. வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பையன் தன் அம்மாவின் தம்பியை "மாமா" என்று கூப்பிட்டான். திரும்பிப் பார்த்தேன். காரோ மொழியிலும் தாய்மாமன் மாமா, அவர் மனைவி மாமி. பெண் கொடுத்தவரும் மாமாதான். மாமன் மகள் முறைப்பெண், அவர்கள் சொல்லில் 'இம்பால்'. அந்த வீட்டுப் பாட்டி நாள் முழுக்க வெற்றிலை போடுகிறார். அவர்கள் செம்பிரிங் குலம். அந்தக் குலத்தில் சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா என்று கிளைகள் உண்டு. சோழர், பாண்டியர், பல்லவர், மலையாளத்தார் வழி வந்தவை என்று சொல்வார்கள். நான் தமிழன் என்றதும் அந்த வீட்டுக்காரர், "அப்படியென்றால் நீ எனக்கு செனினா" என்று தோளில் தட்டினார். செனினா என்றால் பங்காளி. அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் முட்டைக்கோசுக்குப் பஞ்சமில்லை. பங்காளி என்றால் சண்டையும் உண்டு, அது வேறு. வேலித் தகராறு இரண்டு வருடம் ஓடியது.

நண்பர் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். 1960-ம் வருட நிலச் சட்டப்படி முழு உரிமை, அதாவது 'ஹக் மிலிக்', இந்தோனேசியக் குடிமக்களுக்குத்தான். வெளிநாட்டவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டும். உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கித் தனியாக ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கென்று வந்தால் அந்தக் காகிதம் செல்லாது. என் மனைவி மேடான் தமிழச்சி, இந்தோனேசியக் குடிமகள். ஆனால் வெளிநாட்டவனான என்னைக் கட்டியதால் அவருக்கே சிக்கல். சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவர் வாங்குவது எனக்கும் பொதுச் சொத்தாகிவிடும், அப்புறம் ஹக் மிலிக் கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகும் அந்த ஒப்பந்தம் எழுதலாம் என்று 2016-ல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதால் பிழைத்தோம்.

இன்னொன்று. மலைப்பக்கம் பல நிலங்களுக்குச் சான்றிதழே இருக்காது, வட்டார அதிகாரி கையெழுத்துப் போட்ட கடிதம்தான். அதைச் சான்றிதழாக மாற்ற எங்களுக்கு 14 மாதம் ஆனது. விற்பவரின் பெண் கொடுத்த வீட்டார், பெண் எடுத்த வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து சம்மதம் சொல்லாமல் வாங்கினால், பேரன் காலத்திலாவது ஒருவர் வந்து கேட்பார்.

முதலீடா? சினாபுங் அடிவாரத்தில் சிமாசெம், பெக்கேரா ஊர்க்காரர்களையே சியோசாருக்குக் குடிபெயர்த்துவிட்டார்கள். அங்கே நிலம் இருந்து என்ன பயன்? மேடான் சாலை சனி, ஞாயிறில் நகராது. 2024 நவம்பரில் சிபோலாங்கிட் பக்கம் மண் சரிந்து வண்டிகளோடு ஆட்களும் போனார்கள். மழை வலுத்தால் இப்போதும் நாங்கள் பயணத்தைத் தள்ளிப் போடுகிறோம்.

ஆகவே நண்பரே, வாங்காதீர்கள். வாடகைக்கு எடுத்து ஒரு மழைக்காலம் இருந்து பாருங்கள்.

போன மாதம் எங்கள் வீட்டையே ஒருவர் விலைக்குக் கேட்டார். கூரை புதிதாகப் போடப் போகிறோம் என்று சொல்லி நடக்காத விலையைச் சொன்னேன். போய்விட்டார்.

நேற்று ராத்திரி நல்ல மழை. இரண்டு மணிக்கு எழுந்து அறை அறையாக நின்று கேட்டேன். ஒரு சொட்டு இல்லை. வாளிகளை இன்னும் எடுக்கவில்லை.