விளையாட்டில் இருந்து வந்த ஆங்கிலத் தொடர்கள்: கிளிநொச்சி மாலை வகுப்பு எப்படி?

கிளிநொச்சி, கரடிப்போக்குச் சந்திப் பக்கம் நடக்கும் பேச்சு ஆங்கில வகுப்பு ஒன்றில் விளையாட்டு மரபுத்தொடர்களுக்கென்றே தனிப் பாடம் இருக்கிறது. நான்கு பக்கப் போட்டோகொப்பியும் தருகிறார்கள். தாராளமாகச் சேரலாம். பேஸ்போல் பகுதியை மட்டும் வேறு இடத்தில் படியுங்கள்.

முதலில் விளையாட்டு, பிறகுதான் கருத்து என்பது இங்குள்ள முறை. 'ஸ்டிக்கி விக்கெட்'டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடுகளத்தை மூடிவைக்காத காலத்தில், மழை விட்டு வெயில் எறித்தால் மேல்மண் காயும், உள்ளே ஈரம் நிற்கும். ஒரு பந்து எகிறும், அடுத்தது தரையோடு போகும். துடுப்பாட்டக்காரர் படும் அந்தப் பாடுதான் தொடரின் கருத்து: இக்கட்டான நிலைமை. மெற்றிங் விரித்து மென்பந்து விளையாடும் பிள்ளைகளுக்கு இது தெரிய வழியில்லை. ஆசிரியர் கரும்பலகையில் ஈரமண்ணையும் காய்ந்த மண்ணையும் இரண்டு படையாகக் கீறி, பந்து போகும் கோட்டையும் போட்டுக் காட்டுவது அருமை.

'த்ரோ இன் த டவல்' என்பதில் துவாயை எறிவது யார்? குத்துச்சண்டை வீரர் இல்லை, அவருடைய மூலையில் நிற்கும் பயிற்றுநர். 'போதும், தோல்வியை ஒப்புக்கொள்கிறோம்' என்று அர்த்தம். உதைபந்தாட்டத்தின் 'த்ரோ இன்' வேறு என்று அழுத்திச் சொல்கிறார்கள், நல்லது. இறந்தகாலத்தில் 'த்ரூ' என்று வரவேண்டும். அங்கேதான் பலர் பிழைவிடுகிறார்கள். 'ஜம்ப் த கன்', அதாவது நேரம் வருமுன்னே அவசரப்படுவது, ஒரே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இல்ல மெய்வல்லுநர் போட்டியில் வெடிக்கு முன்னே பாய்ந்தவரைப் பார்த்தவர்களுக்கு அதுவே போதும்.

கையேட்டில் ஒரு பெரிய பிழை. 'சேவ்ட் பை த பெல்' உயிரோடு புதைக்கப்பட்டவர்கள் அடித்த மணியில் இருந்து வந்ததாம். இல்லை. அது குத்துச்சண்டை மணி. அந்தக் கால விதிப்படி, விழுந்தவரை நடுவர் பத்துவரை எண்ணி முடிக்குமுன் மணி அடித்துச் சுற்று முடிந்தால் அவர் தப்பினார்.

பேஸ்போல் பகுதியில் தமிழ்க் கருத்தை மட்டும் எழுதி விட்டுவிட்டார்கள். தொண்டு நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு மின்னஞ்சலில் வருவதே 'டச் பேஸ்', 'போல்பார்க் ஃபிகர்' போன்றவைதான். பேஸ்போல் போன்ற நம்மூர் விளையாட்டான எல்லே தெரிந்த பிள்ளைகளுக்கு, ஓடுபவர் ஒவ்வொரு நிலையையும் தொட்டுப் போகவேண்டும் என்று சொன்னாலே பாதி விளங்கிவிடும். அது சொல்லப்படாததால் 'டச் யுவர் பேஸ்' என்று எழுதுகிறார்கள். 'டச் பேஸ் வித் யூ' என்பதே சரி, சுருக்கமாகத் தொடர்புகொள்வது. 'போல்பார்க் ஃபிகர்' உத்தேசத் தொகை. விலைக்கோரலில் அதை எழுதக்கூடாது.

வேலை விண்ணப்பக் கடிதத்துக்கு இந்தத் தொடர்கள் பொருந்தாது என்பதும் கையேட்டில் இல்லை. வகுப்பில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.