நடைபாதைக் கொட்டகை: கூரையைவிடக் கால்களைப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூரின் தேக்காவில் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிப் பாருங்கள். ஒரு கட்டுமானக் கொட்டகை நல்லதா கெட்டதா என்று இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். கட்டடத்தைப் பழுதுபார்க்கும்போது, மேலிருந்து எதுவும் விழுந்துவிடாமல் நடைபாதைக்கு மேலே போடுகிறார்களே, அந்தக் கூரையைத்தான் சொல்கிறேன்.

வழக்கமான வகை, இரும்புக் குழாயும் பலகையும். சீக்கிரம் எழுப்பலாம், செலவும் குறைவு. நியூயார்க்கில் இதன் மேல் பெரிய குறை, வெயிலை மறைத்துத் தெருவை இருட்டாக்குகிறது என்பது. நமக்கோ நிழல் வரம். சாயங்கால மழையில் அதன் கீழே ஒதுங்காதவர் யார்? இங்கே தொல்லை கால்களில்தான். முழங்கால் உயரத்தில் குறுக்குக் குழாய், தூணுக்கு அடியில் துருத்தி நிற்கும் கட்டை. அம்மாவின் நாற்காலி எத்தனையோ முறை அங்கே சிக்கியிருக்கிறது.

இதற்குப் போட்டியாக நியூயார்க்கில் வந்த கொட்டகை வகை 'அர்பன் அம்ப்ரெல்லா', அதாவது நகரக் குடை. அதன் கதை இது: அங்கே 1979-இல் கட்டடத்திலிருந்து உடைந்து விழுந்த துண்டு ஒரு கல்லூரி மாணவியின் உயிரைப் பறித்தது. அதன் பிறகு நியூயார்க்கில் 6 மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் வெளிச்சுவரைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதிக்கச் சட்டம் வந்தது. சுவரைச் சரிசெய்வதைவிடக் கொட்டகையை வைத்திருப்பது மலிவு என்பதால் பல கொட்டகைகள் ஆண்டுக்கணக்கில் நின்றுவிட்டன. 2010-இல் நகரம் நடத்திய வடிவமைப்புப் போட்டியில் இந்தக் குடை வடிவத்தோடு யங்-ஹ்வான் சோய் என்ற மாணவர் வென்றார். வெள்ளை எஃகுத் தூண்கள் மேலே போய்க் குடைக்கம்பி போல விரியும். கூரை வெளிச்சம் ஊடுருவும் தகடு. கீழே குறுக்குக் குழாய் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒரு விஷயம்தான். ஆனால் விலை கூடுதல், அதனால் பரவலாகவில்லை.

கொட்டகையே வேண்டாம், கயிற்றில் தொங்கியோ கோண்டோலா என்ற தொங்கு மேடையிலோ வேலை பார்க்கலாம் என்பார்கள். சிங்கப்பூரில் 2022 முதல் 20 ஆண்டைத் தாண்டிய, 13 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடங்களின் முகப்பை 7 ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். சோதனைக்கு மட்டும் ட்ரோன் போன்றவை கைகொடுக்கும். உடைத்துப் பூசும் வேலையைக் கொட்டகை இல்லாமல் செய்ய நான் ஒப்பமாட்டேன். நடைபாதையை மூடிவிட்டால் சனம் சிராங்கூன் சாலையில் பஸ்ஸோடு அல்லவா நடக்கும்?

அப்புறம் நம்முடைய அஞ்சடி. நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸின் 1822 நகரத் திட்டத்திலிருந்தே கடைவீடுகளுக்கு முன்னால் கூரையோடு கூடிய நடைவழி. ஆனால் அந்தக் கூரை விழும் கல்லைத் தாங்கும் என்று நம்பக்கூடாது. சாரத்தின் கால்களைச் சாலைப் பக்கமாக வைத்து, பாதுகாப்புத் தட்டை அதற்கு மேலே போட்டால் அஞ்சடி முழுவதும் நடப்பவருக்கே கிடைக்கும்.

ஆகவே, சில வார வேலைக்குக் குழாய்க் கொட்டகை போதும். குறுக்குக் குழாய் தலைக்கு மேலே இருக்கட்டும், விளக்கும் வேண்டும். மாதக்கணக்கில் நிற்கப்போகிறதா, குடைத் தூண் வகைக்குச் செலவு செய்யலாம். எதைப் போட்டாலும் இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கச் சுமார் 1.8 மீட்டர் அகலம் விட வேண்டும். அது கிடைக்காத இடத்தில் சாலையோர கார் நிறுத்துமிடம் ஒன்றிரண்டை எடுத்துக்கொள்ளட்டும்.