பச்சோந்தியை ‘ஜோடி’யாக விற்கிறார்களா? வாங்காதீர்கள்

தனியாக வைத்தால் ஏங்கிப்போகும், ஜோடியாக வாங்கினால் ஒரே கூண்டு போதும், செலவும் மிச்சம் என்று சொல்லித்தான் எங்களிடம் விற்றார்கள். கேட்காமலே சில நாள் கேரண்டியும் கொடுத்தார்கள். கேரண்டி முடிந்து சில வாரத்தில் ஒன்று பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டு கூண்டின் அடியில் கிடந்தது. போய்க் கேட்டால், “நீங்கள்தான் சரியாகப் பார்க்கவில்லை” என்று பதில் வந்தது. இதே பேச்சை நம்பி இன்னும் பலர் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் அந்தப் பேச்சில் எதெல்லாம் பொய் என்று எழுதிவைக்கிறோம்.

பச்சோந்தி ஏங்காது. வெய்ல்டு, பாந்தர், ஜாக்சன் என்று வீட்டில் வளர்க்கப்படும் எந்த வகையானாலும் அது தனியாக வாழும் பிராணி. இன்னொரு பச்சோந்தி கண்ணில் படுவதே அதற்குத் தொல்லை. காட்டில் என்றால் விலகிப் போய்விடும், கூண்டில் போக இடம் கிடையாது. அதன் இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழலும். கூட இன்னொன்று இருந்தால் ஒரு கண் அதன் மேலேயே இருப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தாலே தெரியும்.

“சண்டையே போடுவதில்லையே, ஒன்றின் மேல் ஒன்று ஏறி எவ்வளவு பாசமாக இருக்கிறது பாருங்கள்” என்று கடையில் காட்டுவார்கள். பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான். அவை எந்தக் கிளையில் இருக்கின்றன என்று பாருங்கள். சூடு தரும் பல்புக்குக் கீழே 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை சூடு கிடைக்கும் கிளை கூண்டில் ஒன்றுதான் இருக்கும். யுவிபி எனும் புற ஊதாக் கதிரைத் தரும் ட்யூபின் பலனும் அதற்குக் கீழே சுமார் 15 முதல் 25 செ.மீ. தூரத்துக்குள்தான் போதுமான அளவு கிடைக்கும். அந்த ஒரே இடத்துக்குத்தான் இரண்டும் போட்டி போடுகின்றன. வலுவானது மேலே ஏறி அமுக்கி உட்கார்ந்துவிடும். மற்றது கொஞ்ச நாளில் கீழ்க்கிளைக்கு இறங்கி, இலைக்குப் பின்னால் மறைந்து, நிறம் கறுத்துப்போய் நிற்கும்.

கடி, காயம் எதுவும் இருக்காது. ஆனால் சூடு கிடைக்காததால் தின்றது செரிக்காது. யுவிபி படாததால் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகாது. அது இல்லாவிட்டால் பூச்சிமேல் எவ்வளவு கால்சியம் பொடி தூவினாலும் உடம்பில் ஒட்டாது. எலும்பு மெலிந்து முன்னங்கால் வளையும், தாடை இளகும், நாக்கை நீட்டிப் பூச்சியைப் பிடிக்க முடியாமல் போகும். இதெல்லாம் நடக்க வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். கடைக்காரர் கொடுக்கும் கேரண்டியோ சில நாள்தான். அவர் தைரியமாக கேரண்டி கொடுப்பதன் காரணம் இதுதான்.

அடுத்து, ஒரு தொட்டி நிறையக் குஞ்சுகளைக் காட்டி “இத்தனையும் ஒன்றாகத்தானே இருக்கின்றன” என்பார்கள். பொரித்த குஞ்சுகளை இரண்டு மூன்று மாதம் வரை கூட்டமாக வைப்பது உண்டுதான். அதிலும் அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரியது சின்னதின் வாலையும் விரலையும் கடித்துவிடும். வாங்கும் குஞ்சின் வால் நுனியும் எல்லா விரல்களும் முழுசாக இருக்கின்றனவா என்று கையில் வைத்துப் பாருங்கள்.

ஜோடி என்று சொல்லி இரண்டு ஆணைத் தலையில் கட்டுவதும் சாதாரணம். வெய்ல்டு என்றால் ஏமாறவே வேண்டியதில்லை. பின்னங்காலில் குதிகால் பக்கம் சின்ன முள் போலத் துருத்தியிருந்தால் ஆண், பொரித்த நாளிலிருந்தே அது இருக்கும். பாந்தரில் வாலடி உப்பலைப் பார்த்துச் சொல்லவே மூன்று நான்கு மாதம் ஆக வேண்டும். அதற்கு முன்னால் அடித்துச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

உண்மையிலேயே ஆணும் பெண்ணுமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பெண்ணுக்கு விருப்பமில்லாதபோது உடல் கறுத்து, வாயைப் பிளந்து, முன்னும் பின்னும் ஆடும். வெளியில் ஆண் விலகிவிடும், கூண்டில் விடாது. வெய்ல்டு பெண் நான்கைந்து மாத வயதிலேயே சினையாகிவிடும். தன் எலும்பே முற்றாத வயதில் முட்டை ஓட்டுக்கான கால்சியத்தை அந்த எலும்பிலிருந்துதான் எடுக்கும். ஒரு முறை சேர்ந்தாலே விந்தைச் சேமித்து வைத்து அடுத்தடுத்த தடவையும் முட்டையிடும். முட்டையிட 30 செ.மீ. ஆழத்துக்குத் தோண்டினாலும் சரியாத ஈர மணல்–மண் கலவை நிரம்பிய தொட்டி வேண்டும். தோண்டும்போது யாராவது பார்த்தால் பாதியில் விட்டுவிடும், முட்டை உள்ளே தங்கி உயிருக்கே ஆபத்தாகும். ஆண் இல்லாமலே வெய்ல்டு பெண் முட்டையிடும் என்பதால், தனியாகப் பெண் வாங்கினாலும் இந்தத் தொட்டி கட்டாயம். விற்பவரிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். விழித்தால் அவருக்குப் பச்சோந்தி தெரியாது என்று அர்த்தம்.

சிலர் நடுவில் தடுப்பு வைத்த கூண்டை விற்பார்கள். வலைத் தடுப்பும் கண்ணாடித் தடுப்பும் வீண், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டேதான் இருக்கும். வளர்ந்த ஆணுக்கு 2 அடி நீளம், 2 அடி அகலம், 4 அடி உயரம் வேண்டும். அதில் பாதியைக் கொடுத்தால் போதாது. தனித்தனிக் கூண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் இடையில் ஒளி புகாத பலகை வையுங்கள். பச்சோந்தி உட்காரும் கிளை உயரத்துக்கு உங்கள் கண்ணைக் கொண்டுபோய்ப் பாருங்கள், எதிர்க்கூண்டு கொஞ்சமும் தெரியக் கூடாது. முகம் பார்க்கும் கண்ணாடி எதிரே இருந்தாலும் இதே தொல்லைதான்.

ஏற்கெனவே ஜோடியாக வாங்கிவிட்டவர்கள் இன்றே பிரித்துவிடுங்கள். இரண்டாவது கூண்டு தயாராக இல்லையென்றால் மெலிந்ததைப் பழைய கூண்டிலேயே விட்டு, வலுவானதை வெளியே எடுங்கள். சூடும் யுவிபியும் உடனே தேவைப்படுவது மெலிந்ததற்குத்தான். வலைத்துணியால் ஆன பெரிய துணிக்கூடையில் நாலு கிளையும் ஒரு செடியும் வைத்தால் வலுவானது சில நாள் தாங்கும். அதற்குள் அதற்கும் விளக்கு வாங்கிவிட வேண்டும். கிராம் கணக்குக் காட்டும் தராசில் வாரம் ஒரு முறை எடை போட்டு எழுதிவையுங்கள். தொடர்ந்து எடை இறங்கினாலோ, கண் குழிவிழுந்தாலோ, எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி அடர் ஆரஞ்சாக மாறினாலோ ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். இரண்டின் எச்சத்தையும் ஒட்டுண்ணிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஒரு கூண்டில் மிஞ்சிய பூச்சியை மறு கூண்டில் போடாதீர்கள், எச்சத்தைத் தின்ற பூச்சி வழியாக ஒட்டுண்ணி பரவும்.

இனி வாங்கப் போகிறவர்கள் ரசீதில் வகை, பாலினம், வயது மூன்றையும் எழுதி வாங்குங்கள். பிராணி கடையில் பூச்சி பிடித்துத் தின்பதைத் தேதி தெரியும்படி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தகராறு வந்தால் கையில் இருப்பது இது மட்டும்தான். “ஜோடியாகத்தான் தருவேன், பிரித்துத் தர மாட்டேன்” என்றால் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள்.