சாட்டின் துணி: திரைக்கு சரி, குஷனுக்கு வேண்டாம்

எங்கள் வீட்டில் சாட்டின் நுழையாத இடமில்லை. ஜன்னல் திரை, சோபா குஷன் உறை, தலையணை உறை, புடவைக்கு உள்பாவாடை, மகளின் பாவாடைக்கு லைனிங் என்று வருஷக்கணக்கில் புழங்கியாயிற்று. எல்லாமே சென்னை சௌகார்பேட்டையில் மீட்டர் கணக்கில் கிழித்துத் தரும் மலிவு பாலியஸ்டர் ரகம்தான், பெரும்பாலும் சூரத் சரக்கு.

திரையைக் குறை சொல்ல மனசு வரவில்லை. மேற்கு வெயில் நேராக அடிக்கும் ஜன்னல் அது. அந்த வெயிலில் பட்டு சீக்கிரம் இற்றுப்போயிருக்கும். பாலியஸ்டர் தண்ணீர் குடிக்காது என்பதால் துவைத்த கையோடு கம்பியில் மாட்டிவிடுகிறேன். கொஞ்ச நேரத்தில் காய்ந்து, கசங்கலும் தானே இறங்கிவிடும். இஸ்திரி போட்டே தீரவேண்டும் என்றால் பின்பக்கம், குறைந்த சூட்டில். சூடு கூடினால் துணி சுருங்கி, பெட்டியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

குஷன் உறை கதை வேறு. சாட்டின் நெசவில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் ஊடை நூலில் குறைந்தது நாலைத் தாண்டி மேலேயே படுத்துக் கிடந்து, அப்புறம்தான் ஒன்றுக்கு அடியில் போகும். சில ரகத்தில் ஏழைத் தாண்டும். மினுமினுப்பு வருவது அந்த நீளமான நூலால்தான். கொலுசுத் திருகாணி, மோதிரக் கல், வெடித்த குதிகால், எது பட்டாலும் மாட்டி இழுபடுவதும் அதே நூல்தான். இழுபட்ட நூலை வெட்டக்கூடாது. ஊசி முனையால் பின்பக்கம் தள்ளிவிட்டால் பாதி மறையும். சோபாவில் கால் மடக்கி உட்காரும் வீடுகளுக்கு இது ஒத்துவராது.

தலையணை உறையில் முடி சிக்காகாது, அது நிஜம். ஆனால் தேங்காய் எண்ணெய் தடவும் தலைக்கு யோசிக்க வேண்டும். பாலியஸ்டர் எண்ணெயைப் பிடித்தால் லேசில் விடாது. கறை மேல் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்து ஊறவிட்டுத்தான் துவைக்கிறேன். சித்திரையில் கழுத்தெல்லாம் பிசுபிசுக்கும். அப்போது காட்டனுக்கு மாறிவிடுவேன்.

உள்பாவாடையாகப் பட்டுப் புடவைக்கு அருமை, நடக்கும்போது காலைத் தடுக்காது. காட்டன் புடவைக்குக் கட்டினால் கொசுவம் நழுவிக்கொண்டே இருக்கும். பாலியஸ்டர் புடவைக்குக் கட்டி ஏசி மண்டபத்துக்குப் போனால் இரண்டும் காலோடு ஒட்டிக்கொள்ளும். நாடாவும் சாட்டினாக இருந்தால் முடிச்சு நிற்காது, காட்டன் நாடா போடச் சொல்லுங்கள்.

தைக்கக் கொடுக்கும்போது ஓரத்துக்கு ஓவர்லாக் கண்டிப்பாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு துவையலில் பிரிந்துவிடும். பிரித்துத் தைத்தால் ஊசித் துளை அப்படியே தெரியும், அதனால் அளவை முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள். திரைக்கு வாங்கினால் ஒரே தானிலிருந்து (துணிச் சுருளிலிருந்து) வாங்கி, எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்டச் சொல்லுங்கள். ஒன்று தலைகீழாகிவிட்டால் பக்கத்தில் தொங்கும்போது வேறு நிறம் போலத் தெரியும், டெய்லரோ கடைக்காரரைக் கைகாட்டுவார்.