அறுகோணத்துக்குள் ஒரு நாடு: 14 யூரோ அட்டைப் பெட்டி

மகளுக்கு இந்த ஆண்டு ப்ரவே சோதனை, அதாவது பிரான்ஸில் 14, 15 வயதில் எழுதும் பொதுத் தேர்வு. புவியியல் பாடத்துக்குப் பிரான்ஸைக் கையால் வரைந்து பழக வேண்டும். அவளோ கரையோரத்தின் ஒவ்வொரு நெளிவாகப் போட்டு, மேற்கே நீட்டிக்கொண்டிருக்கும் பிரித்தானி மூக்கை முடிப்பதற்குள்ளேயே அரை மணி நேரத்தைத் தொலைப்பாள். அதனால்தான் பாரிஸில் செந் மிஷேல் பக்கத்துப் புத்தகக் கடை ஒன்றில் இந்தப் பெட்டியை வாங்கினேன். உள்ளே 24 பளபள அட்டைகள், அழிக்கக்கூடிய பேனா, பிரான்ஸின் உருவத்தை எளிமையாக்கி அறுகோணமாக வெட்டிய பிளாஸ்டிக் அச்சு. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து திறந்ததும் காசு போச்சு என்று நினைத்தேன். ஆறு கோடு, நாலு வட்டம், ரெண்டு அம்புக்குறி. இதுவா நாடு? "அப்பா, இது தேசப்படம் இல்லை, ஷெமா" என்றாள் மகள். எளிமைப்படுத்திய வரைபடத்துக்கு அதுதான் பெயர்.

இந்த முறைக்கு வேர், ரோஜே புருனே என்ற பிரெஞ்சுப் புவியியலாளர் 1980இல் முன்வைத்த 'கொரேம்'. மையம், எல்லை, ஈர்ப்பு, வலைப்பின்னல் என்று 28 அடிப்படை அடையாளங்கள்; ஒரு அரிச்சுவடி மாதிரி. எழுத்தைக் கூட்டிச் சொல் ஆக்குவதுபோல் இவற்றைக் கூட்டி எந்த நிலப்பரப்பையும் எழுதலாம் என்பது யோசனை.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது ஏழாவது அட்டை. வடகிழக்கில் மோஸ் பகுதியிலிருந்து தென்மேற்கில் லாண்ட் வரை குறுக்கே ஒரு வெளிறிய பட்டை. பெயர் 'வெற்று மூலைவிட்டம்'. பாரிஸின் லாச்சப்பல் கடைத்தெருவிலிருந்து தெற்கே துலூஸ் கடைகளுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு ஏ20 சாலையில் பல தடவை போயிருக்கிறேன். ஷாத்தோரூ நகரத்தைத் தாண்டினால் மாடும் புல்லும்தான். பக்கத்து க்ரூஸ் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 20 பேர் அளவில்தான் இருக்கிறார்கள்; நாங்கள் இருக்கும் பாரிஸ் வட்டாரத்திலோ 1,000க்கும் மேல். இத்தனை வருடம் வண்டிக்குள் இருந்து பார்த்ததை ஒரே பட்டையில் காட்டிவிட்டார்கள். (மகளின் ஆசிரியை 'வெற்று' என்று எழுத விடமாட்டார், 'அடர்த்தி குறைந்த' என்றுதான் எழுத வேண்டுமாம். அங்கே இருக்கிறவர்களுக்கு அதுதான் மரியாதை.)

அதிவேக ரயில் (TGV) அட்டையும் நல்லது. 1981இல் லியோனுக்குப் போன முதல் பாதையிலிருந்து எல்லா அம்பும் பாரிஸிலிருந்தே கிளம்புகின்றன. பொர்தோவிலிருந்து லியோனுக்கு ரயிலில் போகிறவர் ஏன் பாரிஸ் வந்து மாறுகிறார் என்று மகள் கேட்கவே இல்லை, அட்டையைப் பார்த்ததும் அவளே சொன்னாள். அதற்கடுத்த அட்டையில் 1964இல் பாரிஸுக்கு எதிர்ச்சுமையாகத் தேர்ந்த எட்டுப் பெருநகரங்கள். வெறும் எட்டு வட்டம், ஆனால் திட்டம் என்றால் என்ன என்று அவளுக்கு அதில்தான் பிடிபட்டது.

குறைகளும் உண்டு. அச்சில் கோர்சிகா தீவே இல்லை, கையால் ஒரு முட்டை போட வேண்டும். கடல் கடந்த ஐந்து மாவட்டங்களையும் மூலையில் ஒரே அளவுப் பெட்டிகளில் அடைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுக் கயானா 83,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், மயோத் 374. இரண்டும் ஒரே சைஸ்! எளிமைப்படுத்தலாம், அதற்காக இப்படியா? ரெயூனியோனும் அங்கேதான் ஒடுங்கிக் கிடக்கிறது. தமிழ்ப் பரம்பரையில் வந்தவர்கள் நிறையப் பேர் வாழும் தீவு என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடவே கோபம்.

குறிவிளக்கத்தில் சிவப்பும் செம்மஞ்சளும் பிரித்தறிய முடியாதபடி அச்சாகியிருக்கின்றன. பதிப்பகத்துக்கு எழுதினேன், பதில் வரவில்லை.

ஒருநாள் அட்டையின் பின்பக்கத்தில் "இலங்கையைப் போடுங்கோ அப்பா" என்றாள். மாங்காய் ஒன்று போட்டேன், கொழும்புக்கு ஒரு புள்ளி, அங்கிருந்து கோடுகள். மூன்றாவது கோட்டிலேயே "பாரிஸ் மாதிரியே இருக்கு" என்று சிரித்தாள்.

நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்காதீர்கள், முதலில் உண்மையான தேசப்படம் பழகட்டும். ப்ரவேக்குப் படிக்கிற பிள்ளைக்கு 14 யூரோ தாராளமாகக் கொடுக்கலாம். பேனாவை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். எங்கள் பெட்டியில் வந்தது அழியவில்லை. நான் போட்ட மாங்காய் இன்னும் அப்படியே இருக்கிறது.