மாதிரியை அனுப்புவதா, உள்நாட்டிலேயே ஆராய்வதா?

வளம் குறைந்த நாடுகள் சுவாச வைரஸ் மாதிரிகளை அயல்நாட்டு மையங்களுக்கு அனுப்புவதா, மரபணு வரிசையை உள்நாட்டிலேயே கண்டறிவதா என்று தயங்குவது இயல்பு.

செலவு: அனுப்புவதற்கு உலர்பனியும் முறையான பொதிகட்டலும் போதும். உள்நாட்டு ஆய்வகத்துக்கோ வேதிப்பொருள், பராமரிப்பு, தடையற்ற மின்சாரம் ஆகியவை ஆண்டுதோறும் வேண்டும். கருவியை நன்கொடையாகத் தருவோர் பலர் இதை மறந்துவிடுகின்றனர்.

வேகம்: இதில் உள்நாட்டு ஆய்வகமே முந்துகிறது. 2021 நவம்பரில் கொரோனா வைரஸின் ஒமைக்ரான் திரிபைப் போட்ஸ்வானாவும் தென்னாப்பிரிக்காவும் தம் ஆய்வகங்களிலேயே கண்டறிந்து உலகுக்கு அறிவித்தன. அதற்குக் கிடைத்த கைம்மாறு பயணத் தடை என்பது வேறு கதை.

ஆழம்: இன்ஃப்ளுயென்சா தடுப்பூசிக்கான வைரஸைத் தேர்ந்தெடுக்க மரபணு வரிசை மட்டும் போதாது, உயிருள்ள வைரஸை வளர்த்து, அதன் ஆன்டிஜென் பண்புகளை, அதாவது உடலின் எதிர்ப்பொருள்கள் அதை எப்படி அடையாளம் காண்கின்றன என்பதைச் சோதிக்கும் வசதி அட்லாண்டா, லண்டன், மெல்பர்ன், டோக்கியோ, பெய்ஜிங் போன்ற நகரங்களில் உள்ள மையங்களில்தான் உள்ளது.

உரிமை: தன் மாதிரியிலிருந்து உருவாகும் தடுப்பூசி தனக்கே எட்டாது என்று கூறி, 2007இல் இந்தோனேசியா எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸின் மாதிரிகளைப் பகிர மறுத்தது. அதன் விளைவாக 2011இல் உலக சுகாதார அமைப்பில் மாதிரி தரும் நாடுகளுக்கும் தடுப்பூசி போன்ற பலன்கள் கிடைக்க வகைசெய்யும் பலன் பகிர்வு ஏற்பாடு உருவானாலும், பெருந்தொற்றாக மாறக்கூடிய இன்ஃப்ளுயென்சாவுக்கு மட்டுமே அது பொருந்தும். பருவகால இன்ஃப்ளுயென்சாவும் கொரோனா வைரஸும் அதன் வரம்புக்குள் வருவதில்லை.

ஆண்டுக்குச் சில நூறு மாதிரிகளே சேரும் நாட்டுக்கு அனுப்புவதே பொருத்தம். பயிற்சி பெற்றவர்களைப் பணியில் தக்கவைக்க நிலையான நிதி உள்ள நாடு உள்நாட்டு ஆய்வகத்தை அமைக்கலாம். அப்போதும் தேர்ந்தெடுத்த சில மாதிரிகளை மையங்களுக்கு அனுப்பியே ஆகவேண்டும்.